குரங்கணி: குறிஞ்சிக்குள் ஓர் ஊர்

(பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நம் மண்ணும் கவிதையும்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. இரண்டு மணி நேரம் பேசியும் எதையும் சொல்லாமல் மேடையைவிட்டு இறங்கிவிட வசதியான தலைப்பு. அந்த ஆபத்துக்கு அஞ்சி, போடிநாயக்கனூரிலிருந்து பதினைந்து பதினாறு கிலோமீட்டர் தொலைவில் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரே ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குரங்கணி. இங்கே அமர்ந்திருப்போரில் அந்த ஊருக்குப் போகாதவர் குறைவு. அந்த ஊரை எழுதியவர் யார் என்று கேட்டால் நாம் எல்லோருமே கை தூக்குவோம். நானும் தூக்குவேன். அந்தக் கையைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

2017ஆம் ஆண்டு தை மாதத்தில் நாங்கள் ஆறேழு பேர் குரங்கணிக்குப் போயிருந்தோம். ஆற்றங்கரையில் ஒரு பாறையின்மேல் கவியரங்கம். என் முறை வந்தபோது மலையைப் பற்றி நான் எழுதிய நெடுங்கவிதையை வாசித்தேன். மேகம் இருந்தது, அருவி இருந்தது, தலைவியின் கூந்தல்கூட இருந்தது. பக்கத்துக் களத்தில் காப்பிப்பழத்தைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, காலால் துழாவுவதை நிறுத்திவிட்டு நின்று கேட்டார். முடிந்ததும் நான் அருகே போய், "எப்படி ஆத்தா இருக்கு?" என்றேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் கேட்டேன், மறைப்பானேன்.

"நல்லாத்தேன் இருக்கு தம்பி. ஆனா எங்க ஊரைப் பத்துனதுன்னு சொன்னீக, ஊருல ஒரு ஆளையும் காணமே? எல்லாரும் வேலைக்குப் போயிட்டாகளா?"

நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேருந்தில் திரும்பும்போதுதான் அது சிரிப்பதற்குரிய கேள்வியன்று என்பது உறைத்தது.

குறிஞ்சி என்றவுடன் நமக்குப் புணர்தலும் புணர்தல் நிமித்தமும் நினைவுக்கு வருகின்றன. அது உரிப்பொருள். ஆனால் தொல்காப்பியர் கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வத்தோடு உணவையும் விலங்கையும் மரத்தையும் பறவையையும் பறையையும் சேர்த்துச் சொல்கிறார். 'செய்தி' என்று அவர் அங்கே குறிப்பது அந்நிலத்தார் செய்யும் தொழிலை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கிச் சொன்னார் என்று மேடைதோறும் வியக்கிறோம். அந்த மலர்களைப் பறித்த பெண்கள் தினைப்புனத்தில் கிளியோட்டும் வேலைக்கு வந்தவர்கள் என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். நாம் எடுத்துக்கொண்டது பூவை. விட்டுவிட்டது வேலையை.

இனி ஊருக்கு வருகிறேன். கொட்டகுடி ஆறு மேலிருந்து இறங்கிவரும் வழியில், மலை மூன்று பக்கமும் எழுந்து நிற்க, நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர் அது. காப்பி, மிளகு, மா, எலுமிச்சை, இலவம். மேலே ஏற ஏற ஏலம். அதற்கும் மேலே தேயிலை. ஆயிரத்து முந்நூறு மீட்டர் ஏற்றத்திற்குள் இத்தனை பயிரும் மாறிவிடும். நம் போடி நகரத்துக்குக் குடிக்கவும் பாசனத்துக்கும் தண்ணீர் தரும் ஆறு அந்த ஊரைக் கடந்துதான் வருகிறது. நகராட்சிக் குழாயைத் திறக்கும்போது நமக்கு இது ஞாபகத்துக்கு வருவதில்லை.

இலவ மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'இலவு காத்த கிளி' என்பது ஏமாந்தவனுக்கு நாம் வழங்கும் பட்டம். பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சு வெடித்துப் பறந்துபோயிற்று. குரங்கணிக்காரருக்கோ அந்தப் பஞ்சுதான் பலன். பங்குனி, சித்திரையில் இலையுதிர்ந்த மரத்தில் காய்கள் தொங்கும்போது மரத்துக் காயை மொத்தமாக விலைபேசி எடுக்கும் வியாபாரிகள் வருவார்கள். மரமேறுகிறவர் உச்சிக்குப் போய்த் தொரட்டியால் காயை இழுத்துத் தள்ளுவார். கீழே பெண்கள் பொறுக்கிக் குவிப்பார்கள். ஓட்டை உடைத்து, பஞ்சையும் விதையையும் பிரிக்கும்போது மூக்கிலும் கண்ணிமையிலும் பஞ்சு படிந்துவிடும். நாம் தலைவைத்து உறங்கும் தலையணைக்குள் அவர்களுடைய இருமல் இருக்கிறது. கிளியின் பக்கம் நின்று பழமொழி சொன்ன நாம், மரத்தின்மேல் நின்றவனுக்காக ஒரு பழமொழியும் செய்யவில்லை.

அடுத்து ஒரு விந்தை. அந்த மலையில் டாப் ஸ்டேஷன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பாதிவழியில் சென்ட்ரல் ஸ்டேஷன். அடிவாரத்துக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். மூன்று நிலையங்கள், ஆனால் மலைச்சரிவில் தண்டவாளமே கிடையாது. கதை இதுதான். மூணாற்றுத் தேயிலையைக் கடலுக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாட்டு வண்டிகளை ஓட்டினார்கள். 1908இல் அது இரண்டடி அகலச் சிறு ரயில்பாதையாயிற்று. அந்தப் பாதை மலை விளிம்பில் வந்து முடிந்த இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக்கயிற்றில் தொங்கியபடி ஐந்து கிலோமீட்டர் அந்தரத்தில் கீழே இறங்கின. பிறகு மாட்டுவண்டியில் போடி; அங்கிருந்து போய், கப்பலேறி இங்கிலாந்து. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம், கொல்லம் ஆண்டுக் கணக்கில் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று கேரளத்தார் இன்றும் சொல்லும் அதே வெள்ளம், மேலே இருந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. போடிக்கு ரயில் வந்தது 1928இல். அதுவும் அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்று, 2023 ஜூனில்தான் மீண்டும் ஊர் வந்து சேர்ந்தது. அந்தரத்தில் தொங்கிய கயிறும் இன்று இல்லை. பெயர்கள் மட்டும் மலையைவிட்டு இறங்க மறுத்து அங்கேயே நிற்கின்றன.

தேயிலைப் பெட்டி கயிற்றில் நேராக இறங்கிய அந்த வழியில் மனிதர்களுக்கு இன்னும் நல்ல பாதையில்லை. டாப் ஸ்டேஷன் தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. குரங்கணியிலிருந்து நடந்தால் அரை நாளில் ஏறிவிடலாம். வண்டியில் போவதானால் போடிக்குத் திரும்பி, பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, மூணாறு போய் அங்கிருந்து வர வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல். தலைக்கு மேலே தெரிகிற பக்கத்து ஊருக்கு அடுத்த மாநிலத்தின் வழியே போக வேண்டிய அவலத்தை, அங்கதக் கவிதை எழுதும் நம் நண்பர்கள்கூடக் கண்டுகொள்ளவில்லை. போடி மலைக்கிராமங்களில் வாக்குப்பதிவுச் சாமான்கள் குதிரைமேல் ஏறிச் சென்ற ஊர்களும் உண்டு. வாக்கு ஏறிப்போகிறது, பாதை ஏறிப்போகவில்லை.

ஏலத்துக்கு வருவோம். தமிழில் இரண்டு ஏலம் உண்டு. ஒன்று, மலையில் விளையும் நம் பழைய ஏலம். மற்றொன்று, போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த, கூவி விற்கும் ஏலம். இவ்விரண்டும் ஒன்றாய்ச் சந்திக்கும் நகரம் போடி. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் நம் ஊரிலும் எல்லைக்கு அப்பால் புற்றடியிலும் நடக்கிறது. இப்போது கூவுவதில்லை, கணினித் திரையில் எண்கள் மாறுகின்றன. சிலேடை எழுதும் கவிஞர்களுக்கு இது இலவசம்.

ஆனால் சிலேடைக்கு அப்பால் இருக்கும் காரியம் கடினமானது. ஏலச்செடியில் காய் உச்சியில் காய்ப்பதில்லை; செடியின் அடித்தூரில், தரையை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. ஆகவே காய் பறிப்பவர் நாள் முழுவதும் குனிந்தே இருக்க வேண்டும், அல்லது ஈரத்தில் அமர்ந்து நகர வேண்டும். மழைக்காலத்தில் அட்டை. காய் எல்லாம் ஒரே நேரத்தில் முற்றாது. முற்றியதை மட்டும் விரலால் அறிந்து எடுக்க வேண்டும். மாதத்துக்கோ ஒன்றரை மாதத்துக்கோ ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். பறித்த பச்சைக்காயை ஸ்டோரில் ஒரு நாளளவு வெப்பத்தில் வாட்டினால், ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காயாகும். அதைச் சலித்து, எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று தரம் பிரித்து, போடிக் கிடங்குகளில் பெண்கள் கையால் பொறுக்கிச் சுத்தம் செய்கிறார்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. மூன்றாண்டுக்குள் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே விழுந்தது. காய் ஏறியபோது கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. காய் இறங்கியபோது வேலைநாள் மட்டும் குறைந்தது.

விடியுமுன் நம் தெருமுனைகளில் ஜீப்புகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டு வழியே கேரளத்துத் தோட்டங்களுக்குப் போய் இருட்டிய பின் திரும்புவார்கள். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தின் பக்கம் போயின. தோட்டம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம் என்றாயிற்று. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினை கொதித்தபோது அந்தத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குழந்தை குட்டிகளோடு மலையிறங்கி நடந்தே வந்தார்கள். 2020இல் நோய்த்தொற்றுக்காக எல்லை மூடப்பட்டபோது அதே பெண்கள் அடுப்பு எரியாமல் வீட்டில் இருந்தார்கள். மேலே இரண்டு அரசுகள் பேசும்போதெல்லாம் கீழே ஒரு தூக்குவாளி காலியாகிறது.

கடைசியாக, நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த செய்தி. 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். அன்றும் அடுத்தடுத்த நாள்களில் மருத்துவமனைகளிலுமாக இறந்தவர்கள் 23 பேர். பெரும்பாலும் இளையவர்கள். குரங்கணி என்ற பெயர் இந்தியா முழுவதும் ஒலித்தது அன்றுதான். அரசு விசாரணை வைத்தது. மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன.

அந்த மாதம் நம் வட்டத்தில் இரங்கற்கவிதைகள் பல வாசிக்கப்பட்டன. நானும் ஒன்று வாசித்தேன். இந்த உரைக்காகப் பழைய கோப்பைத் தேடியெடுத்து அதைத் திரும்பப் படித்தேன். தீ இருந்தது, தழல் இருந்தது, கருகிய மலர் இருந்தது. புகையைப் பார்த்தவுடன் ஓடிய ஊர்க்காரர்கள் இல்லை. இருட்டிய சரிவில் காயம்பட்டவர்களைப் போர்வையில் கிடத்திச் சுமந்து இறக்கியவர்களில் குரங்கணி மக்களும் மலைக்குடிகளும் இருந்தார்கள். அங்கே வாழும் முதுவர்களிடம் ஒரு மரபுக்கதை உண்டு: மதுரையைவிட்டு மலையேறி வந்தபோது பிள்ளைகளை முதுகில் சுமந்து வந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். சொல்லாராய்ச்சி ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, சுமப்பதைப் பெயராக வைத்துக்கொண்ட மக்கள் அவர்கள். அவர்களுக்கு என் கவிதையில் ஒரு வரிகூட இல்லை. அந்த மூதாட்டி ஓராண்டுக்கு முன்பே கேட்டுவிட்ட கேள்வியை நான் இரண்டாம் முறையாகவும் தவறவிட்டிருந்தேன்.

அதே 2018, நீலக்குறிஞ்சி பூக்கும் ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 1994, 2006, 2018. மார்ச்சில் எரிந்த மலைத்தொடரில் ஆகஸ்டில் பெருமழை. அதற்கிடையிலும் பூ பூத்தது. பூவைப் பார்க்க நம்மில் பலர் மூணாறு போனோம். குரங்கணிக்குப் போனவர் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை.

எழுதாதே என்று யாரையும் நான் சொல்ல வரவில்லை. போடி மீனாட்சிபுரத்தில் பிறந்த நா. காமராசன், கவிதை தொடத் தயங்கிய மனிதர்களைக் 'கறுப்பு மலர்க'ளில் 1970களின் தொடக்கத்திலேயே உள்ளே அழைத்துவந்தார். அந்தக் கதவு நம் தெருவிலேயே திறந்தது. நாம்தான் அதன் வழியே மலையைப் பார்த்துவிட்டு, மலையில் நடப்பவரைப் பார்க்காமல் சாத்திவிட்டோம்.

சென்ற தை மாதத்தில் தனியாகக் குரங்கணிக்குப் போனேன். களம் இருந்தது, காப்பிப்பழமும் காய்ந்துகொண்டிருந்தது. மூதாட்டி சற்றுத் தளர்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. பாட்டு வாசித்த ஆள் என்று சொன்னேன். "ஆமா ஆமா, ஆளில்லாத ஊரு" என்றார். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, காப்பியில் என்னென்ன வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கவாத்து, கொத்து, நிழல் கழிப்பு, பழம் எடுப்பு என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு பக்கம் நிரம்பியது. இலவத்தைப் பற்றிக் கேட்டபோது கையை விரித்துவிட்டார்.

"அதை வாயால சொல்ல முடியாது தம்பி. பங்குனியில காய் வெடிக்கும், வந்து பாருக. மூக்குக்கு ஒரு துண்டு கொண்டாந்துருக."

வருகிற பங்குனியில் போகலாம் என்றிருக்கிறேன். காலைப் பேருந்தில் இடம் இருக்கும். வர விரும்பும் நண்பர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். துண்டு அவரவர் கொண்டுவர வேண்டும்.