கடைசி பெஞ்சுக்கும் சேர்த்துப் பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய நினைவு ஏதாவது சொல்லுங்க சார்" என்றார்கள். சொல்கிறேன். ஆனால் பெருமைப்படும் நினைவு அல்ல.

நான் தாவரவியல் ஆசிரியராகச் சேர்ந்த புதிது. மேல்மலையில் கவுஞ்சிப் பக்கமிருந்து ஒரு மாணவி வந்தாள். பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் குடும்பம். அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வாள். அது எனக்குத் தெரியாது. நானோ கரும்பலகையில் படம் வரைந்துகொண்டே, வகுப்புக்கு முதுகைக் காட்டி, ஆங்கிலத்தில் பொழிகிறவன். அதில் ஒரு கர்வம் வேறு! கேள்வி கேட்டால் எழுந்து பேசாமல் நிற்பாள். "கவனமே இல்லை" என்று ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை. பக்கத்தில் உட்காருகிற பெண்தான் பிறகு சொன்னாள்: "நீங்க இந்தப் பக்கம் திரும்பிப் பேசியிருந்தா அவளுக்குப் புரிஞ்சிருக்கும் சார்."

திரும்பிப் பேசுவதற்கு என்ன செலவு?

பழனி மலையை நினைத்துப் பாருங்கள். 693 படிகள். முட்டி வலிக்கிறவருக்கு யானைப்பாதை. அதுவும் முடியாதவருக்கு விஞ்ச். 2004 முதல் ரோப் கார். விஞ்சில் வந்தவருக்குத் தரிசனம் பாதிதான் என்று யாரும் சொல்வதில்லை. மலையின் உயரத்தையும் யாரும் குறைக்கவில்லை. பாடத்தில் மட்டும் ஏன் படிக்கட்டு ஒன்றே வழி என்று நிற்கிறோம்?

கட்டடக் கலையில் இந்த எண்ணத்தை வளர்த்தவர் ரான் மேஸ் என்ற அமெரிக்கர். தாமே சக்கர நாற்காலியில் இருந்தவர். கட்டி முடித்தபின் சரிவுப்பாதை ஒட்டவைக்காதே, வரைபடத்திலேயே போடு என்றார். 1984இல் அங்கே தொடங்கிய காஸ்ட் என்ற நிறுவனம் பின்னர் இதைப் பாடத்துக்குக் கொண்டுவந்தது. அதே 1984இல்தான் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் பிறந்தது. பெண்களைத் தேடிப் படிப்பே மலையேறிய ஆண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. பாடத்தின் புதுச் சொற்களை முதல்நாளே எழுதிப் போட்டேன். எபிஃபைட் என்றால் தொற்றுத்தாவரம், இப்படி. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்காகப் போட்டது. ஆங்கிலவழிப் பிள்ளைகள்தான் முதலில் நகல் எடுத்தார்கள்! காலை பஸ் மலையில் தாமதமாகும் என்பதால் முக்கியமானதை முதல் பத்து நிமிடத்தில் சொல்வதை விட்டேன். இலையைப் படமாகக் காட்டுவதோடு நிற்காமல் கையிலும் கொடுத்தேன். பார்வையில்லாத ஒரு மாணவர் விளிம்பைத் தடவியே இலையை அடையாளம் சொன்னார்; நாங்கள் பூதக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

சோலைக்காட்டுச் சுற்றுலா இன்னொரு கதை. போலியோவால் கால் பாதித்த மாணவரை ஆண்டுதோறும் பஸ்ஸிலேயே உட்காரவைத்துவிட்டு, மற்றவர்கள் சரிவில் இறங்குவோம். "பையைப் பார்த்துக்கப்பா" என்று ஒரு வேலையும் கொடுப்போம். ஒரு வருடம், சோலை சாலையோரம் வரை வரும் இடமாகப் பார்த்து நிறுத்தினேன். ஒரே மரத்தின் முன் அரைமணி நேரம் நின்றோம். பாசி, பெரணி, ஆர்க்கிட் என்று அந்த ஒரு மரத்தில் எண்ணியதை, அதற்கு முன் மூன்று மைல் நடந்தும் நாங்கள் பார்த்ததில்லை.

இப்போது சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்கள் அவர்களுக்கு. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. சரிவுப்பாதை கட்டிப் போட்டோ எடுத்துவிடுகிறோம். அதில் ஏறி வருகிறவர் உட்காரும் வகுப்பில் பாடம் மட்டும் பழைய பாடம்.

நுழைவாயில் வளைவுக்கு நிதி திரட்டுவதாகச் செயலாளர் சொன்னார். கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு ஆளுக்கொரு பாடத்தை எடுத்து, சொற்பட்டியல் எழுதி, அதைக் குரலிலும் பதிவு செய்து நூலகத்தில் கொடுங்கள். தாவரவியல் பட்டியல் என்னிடம் தயாராக இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். பதிவு செய்யத்தான் இளைய குரல் வேண்டும். என் குரல் இப்போது எனக்கே கேட்பதில்லை.