ஊரார் இட்ட பெயர்: ஜெர்மானியக் குடும்பப்பெயர்களின் தோற்றம்

ஜெர்மனியில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் முல்லர். அடுத்து ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வேபர் என்று வரிசை தொடரும். ஆலைக்காரர், கொல்லர், தையற்காரர், மீனவர், நெசவாளர் என்பன இவற்றின் பொருள்கள். இதைக் கேட்டதும் நம்மவர்க்குச் சாதிப்பெயர் நினைவு வரும். முல்லர் என்றால் மாவரைக்கும் குலம் என்று கொள்ளத் தோன்றும். அது பிழை. இடைக்கால ஜெர்மனியில் மக்களுள் பெரும்பாலோர் உழவர்கள். ஆனால் உழவரைக் குறிக்கும் பௌவர் என்ற பெயர் முதல் ஐந்தில் இல்லை. ஊரே உழுதுகொண்டிருக்கும்போது 'உழவனே' என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்? ஆலையோ பெரும்பாலும் ஊருக்கு ஒன்றுதான். ஆகவே ஆலைக்காரர் என்றதும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். குடும்பப்பெயர் ஒரு குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வரலாறு அன்று. அக்கம்பக்கத்தாரும் எழுத்தரும் ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரிய இட்ட குறி என்பதே என் வாதம்.

அப்படி ஒரு குறி ஏன் தேவைப்பட்டது? பழைய ஜெர்மானிய இயற்பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களின் சேர்க்கை. ஹைன்ரிக்கில் வீடும் ஆள்பவனும் உண்டு. லுட்விக்கில் புகழும் போரும். ஹெட்விக் என்ற பெண்பெயரில் இரண்டு பாதியுமே போர்தான்! தந்தை பெயரில் ஒரு பாதி, தாய் பெயரில் ஒரு பாதி என்று எடுத்து ஒட்டியதால் பெயர்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. பின்னர் பேரரசர்களின் பெயர்களும் புனிதர்களின் பெயர்களும் செல்வாக்குப் பெற்றன. ஹைன்ரிக், கொன்ராட், யொஹான்னஸ், நிக்கொலவுஸ் என்று ஒரு சிலவற்றையே எல்லோரும் இட்டுக்கொண்டார்கள். ஹைன்ரிக்கின் சுருக்கமும் கொன்ராடின் சுருக்கமும் சேர்ந்த 'ஹின்ஸ் உண்ட் குன்ஸ்' என்ற தொடருக்கு இன்றும் 'கண்டவர் போனவர்' என்றுதான் பொருள். இதே காலத்தில் கொலோன் போன்ற நகரங்கள் பெருகின. சொத்துப் பத்திரமும் வரிப் பதிவேடும் வந்தன. ஒரே தெருவில் நான்கு ஹைன்ரிக் இருந்தால் வரியை யாரிடம் வாங்குவது? கிட்டத்தட்ட 12ஆம் நூற்றாண்டு முதல் இரண்டாம் பெயர் ஒட்டத் தொடங்கிய காரணம் இதுதான்.

இடப்பெயர்கள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. பவேரியாவுக்குள் ஒருவரைப் 'பவேரியர்' என்று சுட்டுவதில் பயனில்லை. பையர் என்ற பெயர் பெரும்பாலும் அவர் குடியேறிய ஊரில் விழுந்தது. வேறு பகுதியினரைச் சுட்டும் ஷ்வாப், ஹெஸ்ஸெ, பேம் முதலியனவும் அப்படியே. தொழிற்பெயரிலும் ஊர்ப்பேச்சின் வாடை உண்டு. குயவர் தெற்கே ஹாஃப்னர். நடுவிலும் கிழக்கிலும் ட்யோப்ஃபர். 2005ஆம் ஆண்டுத் தொலைபேசி இணைப்புகளைக் கொண்டு உருவான ஜெர்மன் குடும்பப்பெயர் நிலப்படத் தொகுப்பில் இந்த எல்லைகள் இன்றும் தெரிகின்றன. பெயர் முன்னோரின் மண்ணைக் காட்டும். அவர் குருதியைக் காட்டாது.

தொழிற்பெயர் தொழிற்குடியைக் காட்டாதா என்று கேட்கலாம். முதல் ஆளுக்குக் காட்டும். பெயர் பரம்பரையாகி உறைந்த பின் காட்டாது. நாம் அறிந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கையே எடுத்துக்கொள்வோம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவருடைய பெயருக்கு ஆட்டுத்தோல் என்று பொருள். அவர் தந்தையோ தானிய வணிகர். கோனிக், கைசர் என்று அரசரையும் பேரரசரையும் குறிக்கும் பெயர் உடையவர்களும் அரச மரபினர் அல்லர். வீட்டு முகப்பின் சின்னமோ, நாடக வேடமோ, நையாண்டியோ அவற்றுக்கு மூலமாகலாம்.

தாமே பெயர் தேர்ந்தவர்கள் இல்லையா என்பது வலுவான மறுப்பு. மனிதநேய அறிஞர் ஷ்வார்ட்ஸெர்ட் தம் பெயரைக் கிரேக்கத்தில் மெலாங்க்தோன் ஆக்கிக்கொண்டார். ஆனால் அவர் செய்தது ஊரார் இட்டதற்கு மொழிபெயர்ப்பு. யூதர்களின் நிலை வேறு. ஆஸ்திரியாவில் 1787இலும் பிரஷ்யாவில் 1812இலும் நிலையான குடும்பப்பெயர் வேண்டும் என்று ஆணை வந்தது. தேர்வு சில இடங்களில் அவர்களுடையதாக இருந்திருக்கலாம், தேவை அரசுடையது. அப்போது ஏற்கப்பட்ட பெயர்களில் பல மற்ற ஜெர்மானியரிடமும் வழங்கியவையே. நாஜிக் கொள்கையாளர் ஆல்ஃபிரட் ரோசன்பெர்க்கின் பெயரைப் பலரும் யூதப்பெயர் என்றே எண்ணுவார்கள். குருதியைப் பெயரில் படிக்க முடியும் என்றால் நாஜி அரசுக்கு 1938 ஆகஸ்டு ஆணை தேவைப்பட்டிருக்காது. அரசு வகுத்த பட்டியலில் இல்லாத இயற்பெயர் கொண்ட யூத ஆண்கள் இஸ்ரேல் என்றும் பெண்கள் சாரா என்றும் 1939 ஜனவரி முதல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது அது. குடும்பப்பெயரால் பிரிக்க முடியாததாலேயே இயற்பெயரில் கை வைத்தார்கள்.

எழுத்தர் கேட்டதெல்லாம் எளிதில் கிடைத்துவிடவும் இல்லை. கிழக்கு ஃபிரீசியாவில் தந்தை பெயரே மகனுக்கு இரண்டாம் பெயராகித் தலைமுறைதோறும் மாறிவந்தது. 1811இல் நெப்போலியனின் ஆணை அதை நிறுத்தச் சொன்னது. மக்கள் அசையவில்லை, பின்வந்த ஹனோவர் அரசு மறுபடியும் ஆணையிட நேர்ந்தது. 2025 மே 1 முதல் நடப்புக்கு வந்த புதிய பெயர்ச்சட்டம், ஃபிரீசியக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய முறையில் பெயரிட இடம் தருகிறது. விரும்புவோர் பதிவகத்தில் அறிவிக்க வேண்டும்.