இணைப்பு அறுவது ஏன்?



மேசைக் கணினியிலிருந்து உடனுக்குடன் செய்தி அனுப்பும் செயலிகளை நீங்கள் எல்லாரும் கையாண்டிருப்பீர்கள். விடுதி அறையில் இருந்தபடியே ஆசிரியரிடம் ஐயம் கேட்கிறோம். ஒரு மாடியிலிருந்து மற்றொரு மாடிக்குச் சேதி சொல்கிறோம். நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே திரையின் மூலையில், ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று ஒரு வரி தோன்றுகிறது. சற்றுப் பொறுத்தால் மீண்டும் இணைகிறது, மறுபடியும் அறுகிறது. அப்பொழுது நாம் என்ன செய்கிறோம்? செயலியை மூடித் திறக்கிறோம். கணினியை அணைத்துப் போடுகிறோம். அதற்கும் மசியாவிட்டால் இணைய நிறுவனத்தைத் திட்டுகிறோம். சில வேளைகளில் கோளாறு தீர்ந்தும் விடுகிறது. ஆனால் ஏன் தீர்ந்தது என்று தெரியாததனால், மறுநாள் அது திரும்பி வந்தால் நாம் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. நோயின் பெயர் அறியாமல் மருந்து கொடுக்கும் வைத்தியம் இது. இந்தக் கோளாறுக்குரிய காரணத்தை முறையாகக் கண்டறிவது எப்படி என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில் ‘இணைப்பு’ என்ற சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பழைய காலத்துத் தொலைபேசியில் இருவர் பேசும்போது, அவர்களுக்கிடையே உண்மையிலேயே ஒரு மின்சாரப் பாதை இருந்தது. கம்பி அறுந்தால் பேச்சு நின்றது. இணையத்தில் அப்படி ஒரு கம்பி நமக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. நாம் எழுதும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பொதியும் முகவரி தாங்கிய தபாலைப் போலத் தனித்தனியே செல்கிறது. அவற்றை வரிசைப்படுத்தி, தவறியதை மீண்டும் அனுப்பி, ஒழுங்காகக் கொண்டு சேர்க்கும் விதிமுறைக்கு டி.சி.பி. என்று பெயர். வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் அதற்கு அடிப்படை வகுத்தனர்.

இந்த விதிமுறையின்படி இணைப்பு என்பது என்ன? நம்முடைய கணினியும், தொலைவில் இருக்கும் சர்வரும் தத்தம் நினைவில் வைத்திருக்கும் இரண்டு குறிப்புகள், அவ்வளவுதான். ‘இந்த முகவரிக்காரருடன் பேசிக்கொண்டிருக்கிறேன், இத்தனை அனுப்பினேன், இத்தனை பெற்றேன்’ என்று இரண்டு வணிகர்கள் தத்தம் பேரேட்டில் எழுதி வைத்திருப்பதைப் போன்றது அது. இரண்டு ஏடுகளும் ஒத்திருக்கும் வரையில் இணைப்பு உண்டு. நடுவில் இழை என்று எதுவும் இல்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. ஒரு வணிகருடைய ஏடு தீயில் எரிந்துபோனால், மற்றவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் கடிதம் எழுதிப் பார்த்தால்தான் தெரியும். எழுதாமல் இருக்கும் வரையில், தம்முடைய கணக்கு உயிருடன் இருப்பதாகவே அவர் நம்பிக்கொண்டிருப்பார். இவ்வாறு ஒரு பக்கம் இறந்து, மறு பக்கம் மட்டும் உயிருடன் இருக்கும் நிலையைப் பாதி திறந்த இணைப்பு என்று கூறுவர். நண்பருடைய பெயருக்கு அருகே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆனால் அவருக்கும் நமக்கும் இடையே தொடர்பு அற்றுப்போய் ஒரு நாழிகை ஆகியிருக்கலாம்.

இனி, இணைப்பு அறும் விதங்களைப் பார்ப்போம். அவை மூன்று.

முதலாவது, விடைபெற்றுச் செல்வது. ஒரு பக்கம், ‘நான் முடித்துக்கொள்கிறேன்’ என்று முறைப்படி அறிவித்து மூடுகிறது. பல வேளைகளில் காரணத்தையும் சொல்கிறது. இதற்கு ஒரு சுவையான உதாரணம் உண்டு. ஜெரமி மில்லர் என்பவர் 1999-இல் அறிமுகப்படுத்திய ஜாபர் என்னும் செய்தி முறை, 2004-இல் எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் பொதுத் தரமாக வகுக்கப்பட்டது. அம்முறையில், ஒரே கணக்கில், ஒரே அடையாளத்துடன் இரண்டு கணினிகள் நுழைந்தால், சர்வர் முன்னால் வந்ததை ‘முரண்பாடு’ என்று காரணம் சொல்லி வெளியேற்றலாம். வெளியேற்றப்பட்ட செயலி தானாகவே மீண்டும் நுழைகிறது. உடனே மற்றது வெளியேற்றப்படுகிறது. வீட்டுக் கணினியை அணைக்காமல் அலுவலகத்துக்கு வந்தவருடைய இரண்டு கணினிகளும் நாள் முழுவதும் இவ்வாறு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். அவரோ, ‘இணையம் சரியில்லை’ என்று நொந்துகொள்வார்.

இரண்டாவது, மறுப்பது. சர்வர் நின்று மீண்டும் இயங்கத் தொடங்கியிருக்கிறது. அதன் பழைய ஏடு போய்விட்டது. நாம் செய்தி அனுப்பினால், ‘உன்னை எனக்குத் தெரியாது’ என்று அது முகத்தில் அடித்தாற்போல் விடை கூறுகிறது. இது கசப்பான விடைதான், எனினும் விடை.

மூன்றாவது, மௌனம். அனுப்புகிறோம்; ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை. டி.சி.பி. விடாமுயற்சியுடைய தூதன். மறுமொழி வராவிட்டால் மீண்டும் அனுப்பும். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்த் திரும்பத் திரும்ப அனுப்பும். லினக்ஸ் இயக்கமுறையின் இயல்பான அமைப்பில், ஏறத்தாழக் கால் மணி நேரம் முயன்ற பிறகே அது கைவிடும். அதன் பின்னர்தான் ‘காலக்கெடு கடந்தது’ என்ற வரி நம் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே, கோளாறு நேர்ந்தவுடன் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், திரையில் தோன்றும் வரியைப் படிப்பது. நம்மில் பலர் அதைப் படிக்காமலே மூடிவிடுகிறோம். விடைபெற்றதா, மறுத்ததா, மௌனம் சாதித்ததா என்பதை அந்த வரி சொல்லிவிடும். செயலி வைத்திருக்கும் பதிவேட்டில் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒழுங்கான இடைவெளியில் அறுகிறதா? யாரும் தட்டச்சு செய்யாதபோது மட்டும் அறுகிறதா? மடிக்கணினியை மூடித் திறந்த பிறகு அறுகிறதா? வைஃபையிலிருந்து கம்பி இணைப்புக்கு மாறும்போது அறுகிறதா? இணைப்பின் இரு முனைகளின் முகவரிகளும் பேரேட்டில் பதிந்திருப்பதனால், நம் முகவரி மாறினால் பழைய கணக்கு செல்லாது. இவ்வளவும் நேரக் குறிப்பிலிருந்தே புலப்படும்.

அடுத்து, அருகிலிருந்து தொலைவுக்குச் செல்ல வேண்டும். 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் ‘பிங்’ என்னும் சிறு கருவியை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவோர் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பார்கள் அல்லவா? அந்த ஒலியின் பெயரையே அவர் அதற்கு இட்டார். அதைக்கொண்டு முதலில் நம் வீட்டு ரௌட்டரைக் கேளுங்கள். பிறகு வெளி இணையத்தில் ஒரு முகவரியைக் கேளுங்கள். கடைசியில் சர்வரைக் கேளுங்கள். ரௌட்டரே தயங்கித் தயங்கி விடை தந்தால், கோளாறு உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: சில சர்வர்கள் பிங்கிற்கு விடையளிக்காதபடி அமைக்கப்பட்டிருக்கும். அங்கே மௌனம் மரணத்துக்கு அறிகுறி ஆகாது. அதேபோல், பிங் நன்றாக வருவதனால் உங்கள் செய்தி இணைப்பும் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டவும் முடியாது. சாலை நன்றாக இருக்கலாம், பேரேடு தொலைந்திருக்கலாம்.

பேரேடு இரு முனைகளில் மட்டும் இருப்பதில்லை என்பதுதான் இக்காலத்து வேடிக்கை. வீட்டு ரௌட்டரும், அலுவலகத்து ஃபயர்வால் என்னும் காவற்சுவரும் இடையில் நின்று, யார் யாருடன் பேசுகிறார்கள் என்று தாமும் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்கின்றன. பட்டியலில் இடம் குறைவு. நெடுநேரம் பேசாதவர்களுடைய வரியை அவை அடித்துவிடுகின்றன; அடித்ததை எவருக்கும் சொல்லாமலே இருப்பதும் உண்டு.

நான் ஆராய்ந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில், ஓயாமல் செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. கணக்குப் பகுதியில் அமைதியாக வேலை செய்பவருக்கு மட்டும், நெடுநேரம் கழித்து அனுப்பும் முதல் செய்தி போய்ச் சேராது. ஒரு நாள், ‘அந்தப் பணத்தை இன்று கொடுக்க வேண்டாம்’ என்று அவர் சக ஊழியருக்கு எழுதினார். திரை ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டியது. செய்தி சேரவில்லை, பணம் போய்விட்டது. எழுதியதாக ஒருவரும், வரவே இல்லை என்று மற்றவரும் சாதித்தார்கள். இருவரும் உண்மையே பேசினார்கள். ஆயினும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்தார்கள்.

வைஃபையை விட்டுக் கம்பியில் இணைத்துப் பார்த்தேன், கோளாறு நீங்கவில்லை. கம்பியில் இருந்தபடியே வேறு கணினியை வைத்துப் பார்த்தேன், அப்போதும் நீங்கவில்லை. அதே கணினியைக் காவற்சுவருக்கு உட்புறம், சர்வர் இருக்கும் பகுதியிலேயே வைத்துப் பார்த்தேன், கோளாறு மறைந்தது. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றினேன் என்பதைக் கவனியுங்கள். பிறகு மௌனத்தை அளந்தேன். பத்து நிமிடம் பேசாமல் இருந்து செய்தி அனுப்பினால் சேர்ந்தது. ஒரு மணி நேரம் இருந்தால் சேரவில்லை. நடுவே 35 நிமிடம்: சேரவில்லை. 22 நிமிடம்: சேர்ந்தது. 28 நிமிடம்: சேர்ந்தது. காவற்சுவரின் அமைப்பைத் திறந்து பார்த்தபோது, 30 நிமிடம் பேசாத இணைப்பை மறந்துவிடும்படி அதில் எழுதியிருந்தது. இருக்கும் இடைவெளியைப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே செல்லும் இந்த முறை, ஐந்தே சோதனைகளில் நம்மை வாசற்படியில் கொண்டு நிறுத்திவிட்டது.

ஆனால் பேசாத இணைப்பையும் உயிருடன் வைத்திருக்க ஏற்பாடு எதுவும் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. டி.சி.பி.யிலேயே, ‘இருக்கிறாயா?’ என்று அவ்வப்போது கேட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஆனால் 1989-இல் வகுக்கப்பட்ட விதியின்படி, அதன் இயல்பான இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையலாகாது. இடையில் நிற்கும் கருவிகள் அதற்கேற்ப 2 மணி 4 நிமிடமாவது நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று 2008-இல் மற்றொரு விதி கூறியது. பல கருவிகள் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. அந்த அலுவலகத்துச் செயலி இரண்டு மணிக்கு ஒரு முறை குரல் கொடுத்தது. காவற்சுவரோ அரை மணியில் மறந்தது. செயலியையே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சிறு துடிப்பு அனுப்பும்படி அமைத்ததும் கோளாறு நின்றது.

அப்படியானால் நொடிக்கு ஒரு முறை துடிக்கச் செய்தால் இன்னும் நல்லதல்லவா? அன்று. மடிக்கணினியின் மின்கலம் வீணாகும். அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் உண்டு. நெரிசலால் மறுமொழி சற்றே தாமதமானாலும், பொறுமையற்ற செயலி, ‘இறந்துவிட்டான்’ என்று தீர்மானித்து, உயிருள்ள இணைப்பைத் தானே வெட்டிவிடும். அவசரமும் அறுப்பதற்கு ஒரு காரணம்தான்.

மீண்டும் இணைவதிலும் அவசரம் கூடாது. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், விண்டோஸ் புதுப்பிப்புக்காக உலகெங்கும் ஏராளமான கணினிகள் குறுகிய காலத்துக்குள் நின்று மீண்டும் இயங்கின. அவையெல்லாம் ஒருங்கே ஸ்கைப்பினுள் நுழைய முயன்றன. அந்த வெள்ளத்தில், அதுவரை மறைந்திருந்த ஒரு பிழையும் வெளிப்பட்டு, ஏறத்தாழ இரண்டு நாள் அந்தச் சேவை தத்தளித்தது. இப்படி நேராமல் இருக்க, நல்ல செயலி முதல் முயற்சி தோற்றால் சில நொடி பொறுக்கும். அடுத்தது தோற்றால் இரு மடங்கு பொறுக்கும். அந்த நேரத்தோடு சீட்டுக் குலுக்கியது போலச் சில நொடிகளைச் சேர்த்தும் கொள்ளும். எல்லாரும் ஒரே கணத்தில் வாசலில் முட்டாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. ஆகையால் அறுந்த செயலி சற்று நேரம் சும்மா இருப்பதைக் கண்டு, இணைப்புப் பொத்தானை ஓயாமல் அழுத்தாதீர்கள்.

இவ்வளவு செய்தும் தீராத ஐயம் ஒன்று உண்டு. இரண்டு குன்றுகளின் மேல் இரண்டு படைத்தலைவர்கள். நடுவே பள்ளத்தாக்கில் பகைவர். இருவரும் சேர்ந்து தாக்கினால்தான் வெற்றி. ஒருவர் தூதனை அனுப்புகிறார். தூதன் சேர்ந்தானா என்பது, மறுமொழி வந்தால்தான் தெரியும். மறுமொழி சேர்ந்ததா என்று மற்றவருக்கு எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு மறுமொழி வேண்டும். இப்படியே முடிவின்றிப் போகும். 1975-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வேறு உருவில் எழுப்பப்பட்ட இந்தப் புதிருக்கு, 1978-இல் ஜிம் கிரே இரண்டு படைத்தலைவர்களின் பெயரைச் சூட்டினார். தூதன் தவறக்கூடிய பாதையில், இருவரும் ஐயத்துக்கு இடமின்றி உடன்படுவது இயலாது என்பதே அதன் முடிவு.

அதனால் செயலிகளை எழுதுகிறவர்கள் ஐயத்தை ஒழிக்க முயல்வதில்லை, கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். எக்ஸ்.எம்.பி.பி. முறையின் ஒரு விரிவில், இரு பக்கமும் தாம் பெற்ற செய்திகளை எண்ணிக்கொண்டே வருகின்றன. இணைப்பு அறுந்து மீண்டும் கூடியதும், ‘நீ அனுப்பியவற்றில் 41 வரை பெற்றேன்’ என்று ஒன்று சொல்ல, மற்றது 42-லிருந்து மீண்டும் அனுப்புகிறது. இணைப்பு அறுவதை முற்றிலும் தடுக்க முடியாது. அறுந்தாலும் செய்தி இழக்கப்படாமல் காக்க முடியும்.

நண்பர்களே, உங்களில் பலர் நாளை இத்தகைய செயலிகளை எழுதுவீர்கள். இன்னும் பலர் பழுது பார்க்க அழைக்கப்படுவீர்கள். வரியைப் படியுங்கள், நேரத்தைக் குறியுங்கள், அருகிலிருந்து தொலைவுக்குச் செல்லுங்கள், ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ‘அனுப்பப்பட்டது’ என்பது வேறு, ‘பெறப்பட்டது’ என்பது வேறு என்பதை மறவாதீர்கள். மௌனத்துக்குப் பல காரணங்கள் உண்டு. பதில் வரவில்லை என்று ஒருவர்மேல் சினம் கொள்வதற்கு முன்னால், நம் கேள்வி அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு முறை கேட்டுவிடுவோம்.