வயிரவர் ஊர்திக்கு ஒரு திண்ணை



வயிரவப் பெருமானுக்குரிய இவ்விழாவில் உரையாற்றுமாறு திருக்கோயிலார் பணித்தபோது, பெருமானின் எட்டு வடிவங்களைப் பற்றி அடியேன் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அப்பொருளை முன்னைய நாள்களில் புலவர் பெருமக்கள் விரித்துரைத்துவிட்டனர். ஆகவே பெருமானின் திருமேனியைக் கைகூப்பி வணங்கிவிட்டு, அவர் அருகில் நிற்கும் ஊர்தியின்மீது இன்று சற்றே கண் செலுத்த விழைகின்றேன்.

இரவில் பள்ளியறை வழிபாடு முடிந்து நடை சாத்திய பின்பு, கோயில் திறவுகோலை வயிரவர் திருமுன் வைத்துச் செல்லும் வழக்கம் நம் சிவாலயங்கள் பலவற்றில் உண்டு. காவல் அவருடையது, காவலுக்குத் துணை நாய். விழித்திருப்பதற்கென்றே ஓர் உயிரைப் பெருமான் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார் எனலாம். அங்ஙனமாயின், அந்தக் காவலனுக்குக் கண் மங்கி, செவி அடைத்து, கால் தளர்ந்த பிறகு அவன் எங்கே போவான்? கல்லில் வடித்த நாய்க்கு இக்கேள்வி இல்லை. உயிருள்ள நாய்க்கு உண்டு.

நாய் பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து ஆண்டு வாழும் உயிர். பேருடல் கொண்ட இனங்கள் ஏழெட்டு ஆண்டுகளிலேயே முதுமை எய்துகின்றன. சிறிய இனங்களுக்கு அது பத்தை ஒட்டி வருகின்றது. அந்த வயதில்தான் வளர்த்தவர் காலமாகின்றார். அல்லது பிள்ளைகள் ஊர் மாறுகின்றார்கள். அல்லது புதிதாகக் குடிபோகும் வீட்டுக்காரர் நாய் கூடாது என்கின்றார். அல்லது மருந்துச் செலவு கைமீறுகின்றது. நாய் காப்பகத்து வாயிலுக்கு வந்து சேர்கின்றது. கொண்டுவந்து விடுவோர் அனைவரும் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணீரோடு விட்டுச் செல்வோரும் உளர். இரவோடிரவாகச் சாலையோரத்தில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போவோர்தாம் வேறு வகையினர்.

அவர்களைப் பற்றிச் சட்டம் பேசாமல் இல்லை. கலாசேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் பயனாக, 1960ஆம் ஆண்டில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது அதன் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை குற்றம் புரிந்தவருக்குத் தண்டம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய் வரை. நம் அருச்சனைத் தட்டுக்குக்கூட அதைவிடச் செலவாகின்றது. எனவே சட்டத்தை நம்பி இந்த முதிய உயிர்கள் பிழைக்கப் போவதில்லை.

காப்பகத்தின் உள்ளே அதன் நிலை யாது? சிமெண்டுத் தரை மூட்டுநோய் கொண்ட எலும்புக்கு ஆகாது. இடையறாத குரைப்பொலி இளைய நாய்க்கு விளையாட்டு; முதிய நாய்க்கு வேதனை. தத்தெடுக்க வருவோர் கம்பியருகே துள்ளி வரும் குட்டியைக் காண்கின்றனர். மூலையில் சுருண்டு கிடக்கும் பத்து வயது நாய் எழுந்து வருவதற்குள் அவர்கள் அடுத்த கூண்டுக்குச் சென்றுவிடுகின்றனர். அதன் சீட்டில் சிறுநீரக நோய் என்றோ நீரிழிவு என்றோ எழுதியிருந்தால் கேட்கவே வேண்டா. மேலைநாடுகளில், இடம் போதாத காப்பகங்களில், இத்தகைய நாய்களே ஊசியிட்டு உயிர் நீக்கப்படும் வரிசையில் முன்னே நின்றன, இன்றும் நிற்கின்றன.

அந்த நிலையை மாற்றச் சிலர் முனைந்தனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1998ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. கொல்வதற்கெனக் குறித்த நாயை, அதை ஏற்று வாழ்விக்க முன்வரும் அறநிறுவனம் கேட்டால், காப்பகம் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் உட்பொருள். தீராத வேதனையில் உள்ள உயிர்கள் மட்டும் விலக்கு. கேட்பதற்கு ஆள் வேண்டுமே! அம்மாநிலத்துச் சான் பிரான்சிஸ்கோ நகரில் செரி பிராங்க்ளின் என்னும் அம்மையார் 2007ஆம் ஆண்டில் மட்வில் என்னும் அமைப்பைத் தொடங்கினார். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன நாய்களையே அவ்வமைப்பு காப்பகங்களிலிருந்து எடுத்து வந்து வீடு தேடித் தருகின்றது. டென்னசி மாநிலத்தில் 2012ஆம் ஆண்டில் ஒரு தம்பதியர் முதிய நாய்களுக்கென ஓர் இல்லம் கண்டனர். இத்தகைய அமைப்புகளுக்குப் பொருள் திரட்டி வழங்குவதற்கென்றே கிரே மசில் என்னும் அறநிறுவனம் 2008ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது.

இவர்கள் செய்ததில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று உண்டு. இவர்கள் இரக்கத்தை மட்டும் நம்பவில்லை. "ஐயோ பாவம்" என்று சொல்லிக் கொடுத்த நாய், மருந்துச் சீட்டின் தொகையைக் கண்டவுடன் திரும்பி வந்துவிடும். ஒருமுறை வீடு கண்டு மீண்டும் கூண்டுக்கு வருவது அந்த உயிருக்கு இருமடங்கு துன்பம். ஆகவே மருந்துச் செலவு அமைப்பினுடையது, மடியும் மாடமும் உம்முடையது என்று பங்கிட்டனர். டென்னசி இல்லத்தார், தம் மருத்துவரிடம் வந்து செல்லக்கூடிய தொலைவில் வாழ்வோரிடம் நாயை ஆயுள் முழுமைக்கும் ஒப்படைத்து, மருத்துவத்தைத் தாமே ஏற்கின்றனர். நாள் எண்ணப்பட்ட நோயுடைய நாயைக்கூட, அந்நாள்களைக் கூண்டில் கழிக்கவிடாமல், செலவைத் தாங்கிக்கொண்டு ஒரு வீட்டில் வைக்கின்றனர் மட்வில் அமைப்பார். வயது முதிர்ந்த மனிதர்க்கு வயது முதிர்ந்த நாயைச் சேர்த்துவைப்பதும் அவர்கள் முறை. குட்டியின் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க இயலாத பெரியவர்க்கு, பகலெல்லாம் காலடியில் உறங்கும் துணை பொருத்தமன்றோ?

நிற்க. இது மேலைநாட்டார் நமக்குக் கற்பிக்கவேண்டிய பாடமா? திருவிளையாடற்புராணம் பயின்றோர் அங்ஙனம் எண்ணார். தாயும் தந்தையும் வேட்டையில் மடிய, பன்னிரு பன்றிக்குட்டிகள் பசியால் கதறின. ஆலவாய் அண்ணல் என்ன செய்தார்? குட்டிகளைத் தம் சந்நிதிக்கு வரவழைத்தாரா? இல்லை. தாமே தாய்ப்பன்றியாகிக் காட்டுக்குச் சென்று முலை கொடுத்தார். அவ்வுயிர்க்கு எவ்வடிவில் உதவி வேண்டுமோ அவ்வடிவில் போயினார். இந்த ஒன்று போதும். தருமர் நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதையை நீங்கள் நன்கறிவீர்கள் ஆதலின் அதனை விரிக்கவில்லை.

ஆயினும் நம் காலத்தை ஒட்டிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் அப்பாற்செல்ல மனம் வரவில்லை. திருவண்ணாமலையில் பகவான் இரமணர் வாழ்ந்த ஆசிரமத்தில் ஜாக்கி என்னும் நாய் இருந்தது. அது நோயுற்றபோது பகவான் அதற்கு மெத்தென்ற படுக்கை அமைத்துத் தம் கையால் பணிவிடை செய்தார். நோய் முற்றி அதன் உடலிலிருந்து துர்நாற்றம் வீசியபோதும் அவர் விலகவில்லை. அதை எடுத்து அணைத்துக்கொண்டார். அவர் கையிலேயே அது அடங்கிற்று என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். பசு இலட்சுமி, மான் வள்ளி ஆகியவற்றின் சமாதிகளை அடுத்து ஜாக்கியின் சமாதியையும் இன்றும் நீங்கள் காணலாம். அவ்வழி செல்வோர் பலர் பசுவின் சமாதியை வணங்கிவிட்டு நாயினுடையதை ஒரு பார்வையோடு கடந்து போகின்றனர். அது நம் பழக்கம்.

துர்நாற்றம் என்னும் சொல்லை அடியேன் வேண்டுமென்றே சொன்னேன். நோயுற்ற முதிய நாயை ஏற்பது என்றால் அதனையும் சேர்த்தே ஏற்பது. ஆகவே அவற்றுக்கு வீடு தேடுகின்ற தொண்டர்கள் முதற்கண் உண்மையை எழுதவேண்டும். சென்னையில் 1964ஆம் ஆண்டில் பதிவு பெற்ற புளூ கிராஸ் போன்ற காப்பகங்கள் நம் நாட்டில் உள்ளன. சிற்றூர்களில் இரண்டு மூன்று பேராய்ச் சேர்ந்து இத்தொண்டு செய்வோரும் உளர். அவர்கள் ஒரு நாய்க்கு இடம் தேடும்போது, மருத்துவர் பார்த்துக் குருதி சோதித்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, இந்நாய் இரவில் இருமுறை வெளியே போகவேண்டும், படி ஏற இயலாது, குழந்தைகள் வாலைத் தொட்டால் உறுமும் என்று உள்ளபடி சொல்லவேண்டும். குறையை மறைத்தால் விரைவில் இடம் கிடைக்கும். விரைவிலேயே இழக்கவும் நேரும். குறையோடு குணத்தையும் சொல்லலாம். வீட்டில் மலசலம் கழியாத பழக்கம், பெயர் சொன்னால் தலை தூக்கும் அறிவு, இவையெல்லாம் குட்டியிடம் கிடைப்பனவல்ல.

பெயரைக் கேட்டவுடன் நாம் அஞ்சும் நோய்கள் பல, வீட்டில் வைத்துக் காக்கத்தக்கனவே. நீரிழிவுக்கு உணவோடு நாளுக்கு இருமுறை இன்சுலின்; பாட்டனாருக்கு ஊசி போடக் கற்ற மருமகளுக்கு இது புதிதன்று. இதய வால்வு தளர்ந்த நாய் மாத்திரையால் நெடுநாள் இருக்கும். தெருநாய்களின் பிறப்புறுப்பில் தோன்றும் கட்டியைக் கண்டு புற்று என்று கைவிடுகின்றோம். அவற்றுள் பெரும்பாலானவை வாரம் ஒருமுறை ஏற்றும் மருந்தினால் கரைந்துவிடும் இனம். கண்ணிழந்த நாய் மோப்பத்தாலும் நினைவாலும் வீட்டை அறிந்துகொள்ளும். நாற்காலியை மட்டும் இடம் மாற்றாதிருந்தால் போதும். மூட்டுவலிக்கு நம் வீட்டு வலிமாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். மனிதர் மாத்திரைகள் சில நாயின் உயிரையே போக்கும். திராட்சை இட்ட சருக்கரைப்பொங்கலும் வேண்டா. உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதைப் பிரசாதம் ஊட்டும் அன்பர்கள் அறிந்திருத்தல் நலம். வேதனை மருந்துக்கும் அடங்காத நிலை வருமாயின், முடிவை மருத்துவரோடு அமர்ந்து ஆராய்வதே முறை. அதைக் கொடுமை என்று கூறி, உயிரைத் துடிக்கவிட்டு விலகி நிற்பது அருளாகாது.

வீடு கொடுக்க இயலாதோர் பலர் இங்கே இருப்பீர்கள். ஒரு நாயின் ஒரு மாத மருந்தை ஒரு குடும்பம் ஏற்கலாம். வண்டி உடையவர் மாதம் ஒருமுறை அதனை மருத்துவரிடம் கொண்டு செல்லலாம். வயிரவருக்கு வடைமாலை சாத்துவோர் அம்மாலையைக் குறைக்கவேண்டா; அடுத்த நாள் காப்பகத்துக்கு ஒரு மூட்டை அரிசியும் நாலு பழைய கம்பளியும் அனுப்பினால் சிமெண்டுத் தரையின் குளிர் சற்றுக் குறையும்.

வீட்டுக்கு அழைத்துச் செல்வோர்க்கு ஒரு சொல். முதல் இரவு அது உறங்காது. பழைய வீட்டைத் தேடி அறை அறையாய்ச் சுற்றும்; வாயிற்கதவின் அருகே நின்று முனகும். அதட்டாதீர்கள். சிறு விளக்கொன்றை எரியவிட்டு, தண்ணீர்ப் பாத்திரத்தை அதன் மூக்கருகே வைத்து, வீட்டில் ஒருவர் அருகே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளட்டும். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அது தானே வந்து அப்பாயின் ஓரத்தில் தலை வைக்கும்.

திருச்சிற்றம்பலம்.