ஊசிக்குப் பயந்த ஊரும் எங்கள் குழுக் கூட்டமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீட்டு வேலை, ரெண்டு கறவை மாடு, குழுவுல தீர்மான நோட்டு எழுதறது, இதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. கொரோனா நேரத்துல எங்க ஊர்ல தடுப்பூசி போட்ட அனுபவத்தைப் பேசச் சொல்லி தலைவி அக்கா கேட்டாங்க. "விழிப்புணர்வு செஞ்சோம், எல்லாரும் போட்டுக்கிட்டாங்க" என்று ஒரே வரியில் சொல்லிட்டு நான் உட்கார்ந்துடலாம். ஆனா அப்படி நடக்கலை. நடந்ததை நடந்தபடியே சொல்றேன்.

நம்ம நாட்டுல 2021 ஜனவரி 16ஆம் தேதி தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க. முதல்ல டாக்டர், நர்ஸ், சுகாதாரப் பணியாளர்களுக்கு. மார்ச் மாசம் 60 வயசு ஆனவங்களுக்கு. ஏப்ரல் 1 முதல் 45 வயசுக்கு மேல எல்லாருக்கும். அந்த நேரத்துல எங்க ஊர்ல பெரிய பயம் எதுவும் கிடையாது, அக்கறையும் கிடையாது. "அது டவுன்காரங்களுக்கு வர்ற நோய், வெயில்ல வேலை செய்யற நமக்கு வராது" என்றுதான் பேசிக்கிட்டாங்க.

அப்பதான் நடிகர் விவேக் செய்தி வந்தது. ஏப்ரல் 15 அன்று அவர் சென்னையில ஊசி போட்டுக்கிட்டார். மத்தவங்களும் போட்டுக்கணும்னு டி.வி.யில சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி இறந்துட்டார். சிரிக்க வச்ச மனுஷன், ஊரெல்லாம் மரம் நடச் சொன்ன மனுஷன். எங்க தெருவுல சொந்தக்காரர் செத்த மாதிரி அழுதாங்க. அன்னைக்கு சாயங்காலமே எல்லார் போன்லயும் ஒரே பேச்சு, ஊசிதான் காரணம்னு. டாக்டர்கள் அப்பவே இல்லைன்னு சொன்னாங்க. மத்திய அரசோட குழு விசாரிச்சு, அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லைன்னு அறிக்கை கொடுத்தது. ஆனா அந்த அறிக்கை வெளியே வந்தது அக்டோபர் மாசம். வதந்தி ஒரே நாள்ல வந்துடுச்சு, பதில் வர ஆறு மாசம் ஆச்சு. நடுவுல வந்ததுதான் மே மாசம்.

அந்த மே மாசத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,000 பேருக்கு மேல தொற்றுன்னு செய்தி சொன்னாங்க. ஆக்சிஜன் இல்லை, படுக்கை இல்லை. எங்க குழுவுல ஒரு அக்காவோட வீட்டுக்காரர், லாரி டிரைவர், 48 வயசு. ஏப்ரல்லயே ஊசி போட்டிருக்கலாம். விவேக் செய்தியைப் பார்த்துட்டு "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். மே கடைசியில ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்பி வரலை. முகத்தைக்கூட சரியா பார்க்க முடியலை. ஒப்பாரி வைக்க நாலு பேர் கிட்ட போக முடியாத சாவு அது.

அதுக்கப்புறம் ஒருத்தர் ஊருக்குள்ள வந்து வீடு வீடா சத்தம் போட்டார். "படிக்காத ஜனங்க, உங்களுக்கெல்லாம் சொன்னா புரியாது. ஊசி போடலைன்னா நூறு நாள் வேலை கிடையாது, ரேஷன் கிடையாது" என்றார். என்ன ஆச்சு தெரியுமா? மறுநாள் நர்சம்மா வந்தப்போ பாதி வீடு பூட்டிக் கிடந்தது. உள்ளே ஆள் இருந்துக்கிட்டே பூட்டு. ஊசிக்குப் பயந்தவங்களுக்கு மேல, திட்டுக்குப் பயந்தவங்களும் சேர்ந்துட்டாங்க.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஜூலை மாசம் எங்க குழு கூடினோம். அங்கன்வாடி வாசல்ல, வேப்பமரத்தடியில, தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். சேமிப்பும் உள்கடனும் முடிஞ்சதும் ஊக்குநர் அக்கா ஒரு வேலை செஞ்சாங்க. "போடுங்க, போடுங்கன்னு நான் சொல்லப் போறதில்லை. ஏன் போடலைன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க. தங்கச்சி, நீ நோட்டுல எழுது" என்றாங்க. யாரும் சிரிக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாதுன்னு கட்டளை.

குழுவுல 14 பேர். மூணு பேர் ஏற்கனவே போட்டிருந்தாங்க. மீதி 11 பேர் சொன்னதை எழுதினேன். செத்துப்போயிடுவோமோன்னு பயந்தவங்க மூணு பேர். காய்ச்சல் வந்து படுத்துட்டா சமையலையும் மாட்டையும் யார் பார்க்கறதுன்னு கேட்டவங்க மூணு பேர், அதுல ஒருத்தி நான். ரெண்டு நாள் கூலி போயிடும்னு ரெண்டு பேர். வீட்டுல ஒத்துக்கலைன்னு ரெண்டு பேர். சொந்தமா போன் இல்லை, கோவின்ல பதிய ஓடிபி யாருக்கு வரும்னு தெரியலைன்னு ஒருத்தர்.

எழுதி முடிச்சு நானே கணக்குப் பார்த்தேன். ஊசியைப் பார்த்துப் பயந்தவங்க மூணே பேர்தான். மத்த எட்டு பேருக்கு வேற வேற காரணம். அந்த வருஷம் நடுவுல, நாடு முழுக்கவே ஊசி போட்டதுல ஆண்களைவிடப் பெண்கள் எண்ணிக்கை குறைவா இருந்தது. பெண்களுக்குப் பயம் அதிகம்னு சொல்றவங்க எங்க நோட்டைப் பார்க்கணும். நமக்கு ரெண்டு நாள் படுக்க விடுப்பு இல்லை, கையில போன் இல்லை, கேட்டுட்டுத்தான் வெளியே கிளம்ப முடியும். அதையெல்லாம் சேர்த்துப் பயம்னு ஒரே பேர் வச்சுட்டாங்க.

அடுத்த கூட்டத்துக்கு நர்சம்மாவைக் கூப்பிட்டோம். நோட்டைப் பார்த்து ஒவ்வொண்ணா கேட்டோம்.

"ஊசி போட்டா கொரோனா வருமா?"

"வராதும்மா. இதுல உயிரோட இருக்கிற கொரோனா கிருமி கிடையாது. மோப்ப நாய்க்குத் திருடனோட துணியைக் காட்டற மாதிரி, உடம்புக்கு அடையாளம் காட்டி வைக்கிறோம். அப்புறம் நிஜத் திருடன் வந்தா உடம்பு கண்டுபிடிச்சுடும்."

"ஊசி போட்டவங்களுக்கும் கொரோனா வந்திருக்கே?"

"வரும். ஆனா உயிருக்கு ஆபத்தாகிற அளவுக்குப் போறதைப் பெரும்பாலும் தடுக்கும்."

"தீட்டு நாள்ல போடலாமா? அஞ்சு நாள் முன்னாடி, அஞ்சு நாள் பின்னாடி போடக் கூடாதுன்னு வாட்ஸ்அப்ல வந்ததே?"

"அது பொய்யின்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. எந்த நாள்லயும் போடலாம். குழந்தை நிக்காதுன்னு சொல்றதுக்கும் ஆதாரம் கிடையாது."

இதுல ஒண்ணு சேர்த்துச் சொல்லணும். ஊசிக்கு அப்புறம் தள்ளிப்போச்சுன்னு சில பெண்கள் சொன்னாங்க இல்லையா, அதைப் பின்னாடி ஆராய்ச்சி செஞ்சவங்க, சராசரியா ஒரு நாளுக்கும் குறைவாத்தான் தள்ளுது, அதுவும் சீக்கிரம் சரியாயிடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம பெண்கள் கற்பனை பண்ணலை. ஆனா பயப்படற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்லை.

அன்னைக்கு லாரி டிரைவர் வீட்டு அக்காவும் வந்திருந்தாங்க. கடைசியா அவங்க கேட்டாங்க: "நர்சம்மா, எங்க வீட்டுக்காரர் ஏப்ரல்லயே போட்டிருந்தா பொழைச்சிருப்பாரா?" கூட்டம் அப்படியே அடங்கிப்போச்சு. நர்சம்மா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஒருத்தரைப் பத்தி அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா. பொழைக்க வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்" என்றாங்க. அக்கா கொஞ்ச நேரம் தலை குனிஞ்சு இருந்துட்டு, "எனக்கு ரெண்டு பசங்க. நான் போட்டுக்கறேன்" என்றாங்க. பயந்த மூணு பேர்ல அவங்களும் ஒருத்தர்.

எண்பது வயசை நெருங்கற ஆயா ஒருத்தங்க ஓரமா உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கைத் தழும்பைக் காட்டி, "எங்க காலத்துல பெரியம்மைக்கு ஊசி குத்த வந்தாங்க. ஆத்தாளுக்குக் கோவம் வரும்னு சோளக்கொல்லையில போய் ஒளிஞ்சோம். எங்க அப்பா இழுத்துட்டு வந்து குத்த வச்சார். இப்ப பெரியம்மை எங்க இருக்கு?" என்றாங்க. உண்மைதான். இந்தியாவுல பெரியம்மை கடைசியா வந்தது 1975ஆம் வருஷம். இயற்கையா பரவற போலியோ கடைசியா வந்தது 2011 ஜனவரி. போலியோ சொட்டு மருந்துக்கு நாம குழந்தையைத் தூக்கிட்டு ஓடறோம். அதையும் ஒரு காலத்துல நம்ம மாதிரி ஒரு அம்மா பயந்து, கேட்டு, அப்புறம்தான் ஒத்துக்கிட்டிருப்பாங்க.

பதில் கிடைச்சதும் ஏற்பாடு செஞ்சோம். 11 பேரும் ஒரே நாள்ல போகக் கூடாது. முதல்ல அஞ்சு பேர், அப்புறம் ஆறு பேர். முதல்ல போறவங்க வீட்டுக்கு ரெண்டு நாள் மத்தவங்க கஞ்சி வச்சுக் கொடுக்கணும், பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தணும். கூலி போறவங்களுக்கு அந்த வாரத் தவணையை அடுத்த வாரம் கட்டலாம்னு தீர்மானம் போட்டோம். போன் இல்லாதவங்களுக்கு என் நம்பர். அப்போ ஒரு நம்பர்ல நாலு பேர் பதிய முடிஞ்சது.

கிளம்பிப் போனா, ஊசி இருப்பு இல்லை! ரெண்டு தடவை திரும்பி வந்தோம். மூணாவது தடவை, ஆகஸ்ட்டுல, அஞ்சு பேரும் போட்டோம். எனக்கு ராத்திரி குளிர் காய்ச்சல், கை தூக்க முடியலை. பாராசிட்டமால் மாத்திரை போட்டேன், ரெண்டாம் நாள் சரியாச்சு. பக்கத்து வீட்டு அக்கா என் மாட்டைக் கறந்தாங்க. மீதி ஆறு பேர் செப்டம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை நடந்த மெகா முகாம்ல எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே போட்டாங்க. அன்னைக்குத் தமிழ்நாடு முழுக்க 28 லட்சத்துக்கு மேல போட்டதா செய்தி வந்தது. அந்த ஆறு பேரும் அதுல அடக்கம். ரெண்டாவது டோஸ் 84 நாள் கழிச்சு. மறந்துடக் கூடாதுன்னு சேமிப்பு நோட்டுல அவங்கவங்க பேருக்கு நேரா தேதி எழுதி வச்சேன்.

இதுக்கு நடுவுல எங்க வீட்டுலயே ஒரு சிக்கல். என் நாத்தனார் ஆறு மாச கர்ப்பமா தாய் வீட்டுக்கு வந்திருந்தா. ஜூலை மாசம்தான் கர்ப்பிணிகளும் போடலாம்னு அரசு அனுமதிச்சது. என் மாமியார், "வயித்துப் பிள்ளைக்கு ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது?" என்றாங்க. அந்தப் பயத்தைக் குத்தம் சொல்ல முடியுமா? நான் பேசினா எடுபடாதுன்னு, "அத்தை, நீங்களே நர்சம்மாகிட்ட கேளுங்க" என்று கூட்டிட்டுப் போனேன். கர்ப்பிணிக்குக் கொரோனா வந்தா மத்தவங்களைவிடத் தீவிரமாக வாய்ப்பு அதிகம், குறைமாசப் பிரசவமும் ஆகலாம்னு அவங்க பொறுமையா சொன்னாங்க. ரெண்டு நாள் யோசிச்சுட்டு மாமியாரே மகளைக் கூட்டிட்டுப் போய்ப் போட வச்சாங்க. "அப்ப எனக்கும் போடு" என்று தானும் கையை நீட்டினாங்க. பெண் குழந்தை பிறந்து நல்லா இருக்கா.

எல்லாரும் போட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். ஊர்ல ஒரு பெரியம்மா கடைசி வரைக்கும் போடலை. அவங்களை யாரும் ஒதுக்கலை.

2024 மே மாசம் மறுபடியும் செய்தி வந்தது. கோவிஷீல்டு ஊசியால மிக அரிதா ரத்தம் உறைஞ்சு, தட்டணு குறையற பிரச்சினை வரலாம்னு அதை உருவாக்கினதுல பங்குள்ள கம்பெனி லண்டன் நீதிமன்றத்துல ஒத்துக்கிட்டதுன்னு. "நீ சொல்லித்தானே போட்டோம்" என்று என் வீட்டு வாசல்ல நாலு பேர். மறுபடியும் நர்சம்மாகிட்டதான் போனோம். "உண்மைதான், மறைக்கறதுக்கு இல்லை. ஆனா மிக மிக அரிது, அதுவும் ஊசி போட்ட சில வாரத்துக்குள்ள வரக்கூடியது. நீங்க போட்டு மூணு வருஷம் ஆகப்போகுது" என்று விளக்கினாங்க. இல்லவே இல்லைன்னு சாதிச்சிருந்தா அன்னையோட நம்பிக்கை போயிருக்கும்.

இப்ப நம்ம பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்கத் தடுப்பூசி பத்திப் பேச்சு வருது. மறுபடியும் கேள்வி வரும். என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்குங்க. யாருக்கு என்ன தயக்கம்னு எழுதுங்க, சிரிக்காதீங்க. தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க. அப்புறம் யார் வீட்டுக்குக் கஞ்சி, யார் மாட்டுக்குத் தண்ணின்னு பிரிச்சுக்குங்க. கடன் வாங்கித் தர்றதுக்கு மட்டும் குழு இல்லை. தயங்கி நிக்கிறவளுக்குப் பக்கத்துல போய் உட்கார்றதுக்கும் குழுதான்.