விடையும் விளக்கமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில், மாணவர் அரங்கில், ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஒரு தலைமையாசிரியன் கல்வியின் பெருமையைப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டதோ குறுக்கெழுத்துப் புதிர். இது வெறும் பொழுதுபோக்காயிற்றே என்று எண்ண வேண்டா. காரணத்தைச் சொல்லுகிறேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆவடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நாள்தோறும் மின்சார ரயிலில் சென்றுவந்த இளம் ஆசிரியன் நான். அதே பெட்டியில் சிலர் ஆங்கில நாளேட்டின் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பிக்கொண்டு வருவர். ஒருநாள் அவர்களுள் ஒருவரிடம், “ஐயா, இதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?” என்று வினவினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “அது பரம்பரையாக வரவேண்டும், தம்பி” என்றார். அச்சொல்லின் உட்பொருள் எனக்கு விளங்காமல் இல்லை. பிறகு நான் வாய் திறக்கவில்லை.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலை ஊழியர் மறுநாள் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். “இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று விடையின் பொருளைச் சொல்லும். மற்றொன்று அச்சொல் எவ்வாறு எழுத்தெழுத்தாகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து முடிந்தால் விடை சரி” என்று பென்சிலால் எழுதிக் காட்டினார். ஆவடியில் ஏறிய அவர் அம்பத்தூரில் இறங்கிவிட்டார். பரம்பரை என்று சொல்லப்பட்டது நான்கு நிலையங்களுக்குள் அடங்கிவிட்டது!

கட்டங்களில் சொற்களை நிரப்பும் இவ்விளையாட்டை 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் நாளேடு ஒன்றில் வெளியிட்டார். அதில் நேர்ப்பொருளே கேட்கப்பட்டது. பொருளை மறைத்துக் கேட்கும் முறை 1920-களில் இங்கிலாந்தில் வளர்ந்தது. 1942 சனவரியில் இலண்டன் டெய்லி டெலிகிராப் நாளேடு பன்னிரண்டு நிமிடங்களுக்குள் புதிரை விடுவிக்கும் போட்டி ஒன்றை நடத்தியது. அதில் கலந்துகொண்டோரிற் சிலர், பின்னர்ப் பகைவரின் மறைமொழிச் செய்திகளை உடைக்கும் போர்க்காலப் பணிக்கு அழைக்கப்பட்டனர். தமிழிலும் இம்முறை உண்டு. அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அவர்கள் இத்தகைய புதிர்களை அமைத்து வந்தார்.

ஆனால் இம்முறையின் உறுப்புகள் நமக்குப் புதியவை அல்ல. தொல்காப்பியம் ‘பிசி’ என்று விடுகதைக்கு இடம் தந்தது. தண்டியலங்காரம் சித்திரகவியின் வகைகளை எண்ணுகிறது. ஒவ்வோர் எழுத்தாக நீக்க வேறு வேறு சொல் வருவது அக்கரச்சுதகம். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருப்பது கரந்துறைச் செய்யுள். பல வினாக்களின் விடைகளைச் சேர்க்க ஒரு சொல்லோ தொடரோ கிடைப்பது வினாவுத்தரம். குறுக்கெழுத்துக்காரர் இன்று கையாளுபவையும் இவையே.

நம் ஊர்களைக் கொண்டே பார்ப்போம். நான் அமைத்த குறிப்புகள் இவை.

“பசுவின் பாதத்தில் பீரங்கி வண்டிகள் செய்யும் ஊர்.” பசு என்பது ஆ, பாதம் என்பது அடி. ஆ, அடி இரண்டும் சேரும்போது இடையில் வகர உடம்படுமெய் தோன்றி ஆவடி ஆகிறது. பீரங்கி வண்டி செய்யும் ஊரும் அதுவே.

“அழகிய பத்து ஊர் கூடிய தொழிற்பேட்டை.” அம் என்றால் அழகு. அம், பத்து, ஊர். பத்து என்பதன் ஈற்றிலுள்ள குற்றியலுகரம் கெட, அம்பத்தூர்.

“மலரில் அமர்ந்த கொடி நம் பக்கத்து ஊரின் பழைய பெயர்.” பூ, இருந்த, வல்லி. பூவிருந்தவல்லி; இன்று நாம் வழங்கும் பூந்தமல்லி.

“கை வை என்று திருப்பிச் சொன்னால் மதுரையில் ஓடும்.” வைகை. “தலை போன நகரத்தில் உழைப்பது.” நகரத்தின் முதலெழுத்தை நீக்குங்கள்: கரம்.

பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த புணர்ச்சி விதிகள் இங்கே கருவிகளாகக் கைக்கு வருவதைக் கவனியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆ, அடி என்று நான் பிரித்தது விளையாட்டு. ஊர்ப் பெயரின் வரலாறு அன்று. பீரங்கி வண்டித் தொழிற்சாலையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே ஆவடி என்றாயின என்று சொல்வோர் நம்மிடையே பலர் உண்டு. எழுத்துகள் அழகாகப் பொருந்தத்தான் செய்கின்றன. ஆனால் அத்தொழிற்சாலை எழுந்தது 1960-களில். அதற்கு முன்னரே, 1955 சனவரியில் இங்கு கூடிய மாநாடு ஆவடி காங்கிரசு என்றே பெயர் பெற்றுவிட்டது. ஆகவே எழுத்துப் பொருந்தினாலும் காலம் பொருந்தவில்லை. ஒரு சான்று மட்டும் போதாது. மற்றொன்றும் ஒத்துவர வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, வழக்கில் இருந்த சொற்களைப் பிரித்துப் பிரித்துப் பொருள் கேட்டார். அவர் தந்த விடைகள் யாவற்றையும் நாம் ஏற்கிறோமோ இல்லையோ, “இப்பெயர் எங்கிருந்து வந்தது, யார் வைத்தது?” என்று கேட்கும் துணிவை அவரிடம் கற்கலாம். நம்மீது சுமத்தப்பட்ட சொற்களைக் கேள்வியின்றி ஏற்றதால் நாம் பட்ட துன்பம் சிறிதன்று.

இச்சங்கத்தின் மாலை நேர வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் ஒரு குறிப்பு எழுதினேன்: “பகல் விளக்கில் ஒளிந்திருக்கும் செல்வம்.” ஒரு மாணவன் உடனே எழுந்து, “கல்வி, ஐயா” என்றான். “எப்படி?” என்று கேட்டேன். “கல்விதான் விளக்கு, கல்விதான் செல்வம் என்று புத்தகத்தில் இருக்கிறது” என்றான். விடை சரிதான். ஆயினும் நான் அவனை அமரச் சொல்லவில்லை. மற்றவர்களும் பார்க்கட்டும் என்றேன். நெடுநேரம் அமைதி. பிறகு, வகுப்பில் அதிகம் பேசாத எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கரும்பலகைக்கு வந்து, பகல் என்பதில் முதலெழுத்தை விரலால் மறைத்தாள். விளக்கு என்பதில் முதலெழுத்தை மட்டும் விட்டு மற்றவற்றை மறைத்தாள். இடையில் நின்றது: கல்வி.

முன்னர் விடை சொன்ன மாணவன்தான் முதலில் கைதட்டினான். “நான் ஊகித்தேன், ஐயா, இவள் காட்டிவிட்டாள்” என்றான்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளுக்கு விடைகளை மனப்பாடம் செய்விக்கும் கைடு நூல்கள் கடைதோறும் கிடைக்கின்றன. வினாவைச் சற்றே திருப்பிக் கேட்டால் அவ்விடை கைவிட்டுவிடுகிறது. அப்போது பிள்ளை, “எனக்கு மூளை இல்லை” என்று தன்னையே நொந்துகொள்ளுகிறது. ரயிலில் அன்று நான் நொந்துகொண்டதும் அவ்வாறே. குறை மூளையில் இல்லை. வழியை எவரும் சொல்லித் தரவில்லை என்பதே உண்மை.

ஆகவே உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்குமுன், “இந்த விடை எப்படி வந்தது?” என்று கேளுங்கள். நீங்கள் படிக்காதவராயினும் கேட்கலாம். பிள்ளை உங்களுக்கு விளக்கட்டும். விளக்கத் தெரிந்தால் படித்திருக்கிறது. தெரியாவிட்டால் மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும். கேட்பது பிள்ளையின் உரிமை. விளக்குவது எங்கள் கடமை.

அன்று எனக்குப் பென்சிலால் எழுதிக் காட்டிய அந்த ஊழியரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அவருக்குப் பட்ட கடனை உங்கள் பிள்ளைகளிடம் தீர்த்து வருகிறேன்.