பொழப்பும் பேனாவும்

(நீடாமங்கலத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியது. பேச்சு நடை பெரிதும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு மாணவத் தம்பி என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார். "அண்ணே, கவர்மெண்டு வேலைக்கு ஆர்டர் வந்துருச்சு. போனா எழுத்து போயிரும்னு பயமா இருக்கு. போகலன்னா வீடு போயிரும். என்னா செய்யிறது?" நான் எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இதையே பேசுவோம்.

எழுதுறதுங்கிறது நமக்கு என்ன? பொழுதுபோக்கா? நாம் கூடியிருக்கிற இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1937 டிசம்பரில் இங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தது. அங்கே போட்ட சமபந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக நம் சனங்களைப் பிடித்துக் கட்டி அடித்தார்கள், மொட்டை அடித்தார்கள், சாணிப்பாலை ஊற்றினார்கள். 'விடுதலை' ஏடு அதை எழுதியது, எழுதியதற்காக வழக்கையும் சந்தித்தது. 80 வருசம் கழித்து 2017இல் ஆ. திருநீலகண்டன் அதை ஆராய்ந்து ஒரு புத்தகமே போட்டார். இவர்களுக்கெல்லாம் நாம் கடன்பட்டவர்கள்தான். ஆனால் அடிபட்டவன் தன் கையால் எழுதின ஒரு தாள்? நான் பார்த்ததில்லை. அவர்கள் சொன்னார்கள், மற்றவர்கள் எழுதினார்கள். பண்ணையில் கணக்குப்பிள்ளை தினமும் எழுதினான். எந்த ஆள் எத்தனை மரக்கா நெல்லு வாங்கினான் என்பதெல்லாம் அவன் கணக்கில் இருந்தது. நாம் வாங்கின அடி யார் கணக்கில் இருந்தது?

அதனால் எழுத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போ என்று நான் சொல்ல மாட்டேன். வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுது என்றும் சொல்ல மாட்டேன். அப்பிடிச் சொல்றவன் எல்லாம் வீட்ல நெல்லு இருக்கிறவன்.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா என்று ஒருவர் இருந்தார். 1927இல் பிறந்தவர். முடிதிருத்துகிற குடும்பம், அவரும் அதே தொழில்தான். சாதியைச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலேயே அவமானப்படுத்தப்பட்டவர். 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற அவருடைய சிறுகதைத் தொகுதிக்கு இலங்கை அரசின் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. பரிசு வந்த பிறகாவது கத்தியைக் கீழே வைத்தாரா? இல்லை. 1966இல் 'மல்லிகை' பத்திரிகையை ஆரம்பித்ததே அந்த சலூனை வைத்துக்கொண்டுதான். கத்தரிக்கோலும் அங்கேதான், புரூஃப் தாளும் அங்கேதான். முடிவெட்ட வந்தவனும் கதை கொடுக்க வந்தவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அச்சான இதழைத் தானே சுமந்துபோய் ஆள் ஆளாகப் பார்த்து விற்றார். நடுவில் போர் வந்தது, ஊரை விட்டுக் கொழும்புக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கிருந்தும் மல்லிகை வந்தது. 400 இதழுக்கு மேல்! 2021இல் இறந்தார். நம் ஆட்கள் நாலு இதழ் போட்டுவிட்டு 'பொருளாதார நெருக்கடி' என்று அட்டையில் அச்சடிக்கிறோம். (நானும் அதில் ஒருவன்தான், சிரிக்காதீங்க.)

அவருடைய தோழர் கே. டானியல் நமக்கு இன்னும் பக்கம். 'பஞ்சமர்' நாவல் எழுதியவர், தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்தில் முன்னால் நின்றவர். சிகிச்சைக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர் 1986 மார்ச்சில் தஞ்சாவூரிலேயே இறந்துபோனார். அடக்கமும் அங்கேதான். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

அயோத்திதாசப் பண்டிதர் மட்டும் என்ன, சொத்தை வைத்துக்கொண்டா எழுதினார்? சித்த வைத்தியம் அவர் தொழில். 1907 ஜூனில் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. வாரா வாரம் புதன்கிழமை. 1914இல் அவர் கண்ணை மூடும் வரைக்கும் அந்தப் புதன்கிழமையை விடவில்லை. நாடி பார்த்த கை அது.

இப்போது என் கதை. பெருமைக்கில்லை, தோற்ற கதை.

படித்து முடித்ததும் நெல் கொள்முதல் நிலையத்தில் சீசனுக்குப் பட்டியல் எழுத்தர் வேலை. பகலெல்லாம் மூட்டைக் கணக்கு, ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடின நெல்லுக் குமிக்குக் காவல். அந்தக் காவலில்தான் எழுதக் கத்துக்கிட்டேன். டார்ச்சு லைட்டு, பில்லுக் காகிதத்தின் பின்பக்கம். அப்புறம் வேறொரு ஆபீசில் நிரந்தர வேலை கிடைத்தது. ஊரில் விருந்து வைத்தோம். இரண்டாவது வருசம் என் கதை ஒன்று பத்திரிகையில் வந்தது. மேலதிகாரி மேசையில் அந்தப் பக்கம் விரித்துக் கிடந்தது. "யார்கிட்ட அனுமதி வாங்குன?" என்று மெமோ. கதையில் வந்த ஊர்ப்பெயரைப் படித்ததும் என் சாதி அவருக்குத் தெரிந்துபோனது. மெமோ அதுக்குத்தான்னு எனக்கும் தெரியும்.

பயந்துபோனேன் தோழர்களே. ஆறு வருசம் ஒரு வரி எழுதவில்லை. கல்யாணம், பிள்ளைகள், மாற்றல், வீட்டுக்கடன் என்று ஒவ்வொன்றும் ஒரு சாக்கு. உண்மையான காரணம் பயம்.

அந்த ஆறு வருசத்துக்குள் எங்க அப்பாயி செத்துப்போனது. பண்ணையாளாக இருந்த மனுசி. கருக்கல்ல நாத்தங்காலுக்குப் போனதையும், கூலி கேட்டதுக்குச் சாட்டையடி பட்ட கதையையும், வெண்மணியில் 44 பேரை எரித்த சேதி வந்த ராத்திரி தெருவே விளக்கை அணைச்சுட்டு உக்காந்திருந்ததையும் சொல்லிக்கிட்டே இருக்கும். அப்புறமா எழுதிக்கலாம்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். காரியம் முடிந்த மறுநாள் நோட்டை எடுத்து உட்கார்ந்தால், அது பாடின நடவுப் பாட்டில் ரெண்டு வரிக்கு மேல் எனக்கு ஞாபகம் வரவில்லை. மெமோ என்கிட்டேயிருந்து பிடுங்கியது அதைத்தான்.

மறுபடி ஆரம்பித்தேன். விடியக்காலம் நாலரைக்கு எழுந்து ஒரு பக்கம். பதவி உயர்வு வந்தபோது தூர மாவட்டம் என்பதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க: "ஒங்க நாலரை மணிக்கு நானுந்தான எந்திரிக்கிறேன். நீங்க நோட்டை எடுக்கிறீங்க, நான் அடுப்பைப் பத்த வைக்கிறேன். என் நோட்டு எங்க?" எனக்கு அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அடுப்பு என் பொறுப்பு, அவ்வளவுதான் முடிந்திருக்கிறது. அவங்க இப்ப அம்மா வீட்டுத் தெருக் கதைகளை எழுதுறாங்க. என்னைவிட நல்லா இருக்கு.

பாமாவை நினைத்துப் பாருங்கள். வேலையை விட்டுக் கன்னியர் மடத்துக்குப் போனார். ஏழு வருசம் கழித்து 1992இல் அதையும் விட்டு வெளியே வந்தார். கையில் வேலை இல்லை, காசு இல்லை. அந்த நிலையில்தான் 'கருக்கு'. சொந்த ஊரிலேயே கோபப்பட்டார்கள். பிறகு மறுபடி ஆசிரியை வேலைக்குப் போனார், எழுத்தையும் விடவில்லை. சிவகாமி ஐ.ஏ.எஸ். நாற்காலியில் இருந்தபடியே 'பழையன கழிதலும்' எழுதினார், 2008இல் பதவியை விட்டு அரசியலுக்கு வந்தார். ஒருவர் விட்டபோது எழுதினார், ஒருவர் இருந்துகொண்டே எழுதினார். இதில் எது சரி என்று பட்டிமன்றம் வைப்பது வீண் வேலை. பாபாசாகேப் 1951இல் மந்திரி பதவியையே விட்டவர். 1956 டிசம்பரில் கடைசி ராத்திரியும் புத்தரைப் பற்றிய நூலின் முன்னுரைத் தாள்கள் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தன.

தம்பி, வேலையில சேந்துருங்க. உங்க அம்மா நடவுக்குப் போனதுல வந்த படிப்பு அது. சேந்ததும் 1973ஆம் வருசத்து நடத்தை விதிகளை வாங்கி நீங்களே படிங்க. ஆபீசில் பெரியவங்க சொல்ற விதி வேற, அச்சில் இருக்கிற விதி வேற. புனைபெயர் வேணும்னா வச்சுக்குங்க, அதில் வெட்கமில்லை. எழுதினதை ரெண்டு பேர்கிட்ட கொடுத்து வைங்க, ஒருத்தர் வீட்டில் கரையான் அரிச்சாலும் இன்னொருத்தர் வீட்டில் இருக்கும்.

சேர்றதுக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருக்குன்னு சொன்னீங்க. உங்க தெருவுல எம்பது வயசுக்கு மேல எத்தன பேர் இருக்காங்க? நாளைக்குக் காலையில ஒருத்தர் வீட்டுத் திண்ணையில போய் உக்காருங்க. எனக்கு மன்னார்குடி பஸ் ஒம்பது மணிக்கு, அதுவரைக்கும் கேள்வி இருந்தா கேளுங்க.